ஓரம் தேய்த்தவளின் வண்டி

கவென்ட்ரி
12 ஏப்ரல் 1999

அன்புள்ள கார்லுக்கு,

விரல்களைத் தவிர மற்றபடி நன்றாக இருக்கிறேன். உன் பல்வலி எப்படி? பல் மருத்துவரின் வரிசையில் உன் பெயர் நகர்ந்ததா?

ஒரு செய்தி. ஆலையை மூடி எங்களை அனுப்பிவிட்டார்கள். எங்கள் பிரிவில் மட்டும் நூற்றுப் பத்துப் பேர். கடைசி நாளில் மேலாளர் ஆளுக்கொரு பேனா கொடுத்தார். குளிரில் என் விரல்கள் வெளுத்து மரத்திருந்தன. பேனா கீழே விழுந்தது. "என்ன ஹேஸல், பதட்டமா?" என்று சிரித்தார். பதினான்கு வருடம் அவருடைய அரவை இயந்திரத்தைப் பிடித்து மரத்த விரல்கள். இழப்பீடு கேட்டபோது, வீட்டு வேலையாலும் இப்படி வரலாம் என்று எழுதிக் கொடுத்த டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பதும் ஆலைதான். பேனாவைக் குனிந்து எடுக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் உன் கராஜைத் திறந்து தார்ப்பாயை உருவினேன். இரண்டு திருட்டு வண்டிகளுக்காக உன்னை அழைத்துப்போன காலையில் நீ விட்ட இடத்திலேயே எல்லாம் இருக்கிறது. தாங்கிகளின்மேல் சேஸி, மூலையில் டர்போ என்ஜின், சுவரில் சாய்ந்த பச்சை ஃபைபர் பாடி, ஏழு அட்டைப்பெட்டிகள். 'இது ஒண்ணு மட்டும் நேர்மையா வாங்கினது' என்று நீதிமன்றப் படியில் சொன்னாயே, அந்த வண்டி.

அதை நான் கட்டி முடிக்கப்போகிறேன். பதினான்கு வருடம் கதவுக் கைப்பிடிகளின் ஓரத்தைத் தேய்த்தேன். வார்ப்பிலிருந்து வரும் கூர் விளிம்பை மழுக்குவதுதான் என் வேலை. அந்தக் கைப்பிடி வண்டியில் ஏறுவதை ஒரு நாளும் பார்த்ததில்லை. நடுவில் ஒரு சுவர். அதைத் தாண்ட வேறு நிற அடையாள அட்டை வேண்டும். இப்போது ஒரு முழு வண்டி ஏழு பெட்டிகளில் என் முன்னால் இருக்கிறது. இங்கே சுவர் இல்லை.

சூடாக எதையும் கடிக்காதே.

உன் அக்கா,
ஹேஸல்


சிறை
27 ஏப்ரல் 1999

அன்புள்ள ஹேஸல்,

பல் அப்படியேதான். வேலை போன செய்தியைப் படித்தேன். அந்த மேலாளரின் வண்டி எண் என்னவென்று மட்டும் சொல். சும்மா சொன்னேன்.

தார்ப்பாயை மறுபடி மூடிவிடு. அது அடுப்பு இல்லை, புத்தகத்தைப் பார்த்துப் பொருத்துவதற்கு. எடை எழுநூறு கிலோகூட இல்லாத வண்டியில் டர்போ என்ஜின். டர்போ காற்றை உள்ளே அடைக்கும் வரை பசுமாதிரி இருக்கும்; அடைத்த நொடியில் உன்னை வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிடும். பணம் தேவையென்றால் சேஸியையும் பாடியையும் விற்றுக்கொள். என்ஜினை மட்டும் விற்காதே. யாருக்கும் காட்டாதே. நான் பிப்ரவரியில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

கைக்கு உறை போட்டுக்கொள்.

கார்ல்


கவென்ட்ரி
16 மே 1999

அன்புள்ள கார்லுக்கு,

வெயில் வந்துவிட்டது, விரல்களில் ரத்தம் ஓடுகிறது. உனக்கும் முற்றத்தில் நடக்க வெயில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

தார்ப்பாயை மூடவில்லை. அறுத்து, கீழே படுத்து வேலை செய்ய விரிப்பாக்கிவிட்டேன். ஸ்டியரிங் முடிந்தது. பிரேக் குழாய்களை மூன்று முறை வளைத்து, மூன்றாவதைப் பொருத்தினேன். பாதிக் காசு நான் போட்ட வண்டி இது என்பதை மறந்துவிட்டாய் போல.

செவ்வாய்க்கிழமை வண்டி கட்டுகிறவர்களின் சங்கம் கூடும் பப்புக்குப் போனேன். இருபது ஆண்கள். ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, வீட்டுக்காரர் வண்டிய நிறுத்திட்டு வர்றாரா?" என்றார்.

"வீட்டுக்காரர் இல்ல. வண்டி மட்டும்தான்."

"அப்போ யாரு கட்டுறது?"

"பிரேக் வரைக்கும் நான்தான் கட்டியிருக்கேன். உங்க வண்டி எது?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் ஒன்பது வருடமாகக் கட்டுகிறாராம், இன்னும் என்ஜின் ஏறவில்லை.

வின்ஸ் என்று ஒருவன் இருக்கிறான், சக்கரங்களை உருளைமேல் ஓட்டி என்ஜினின் சக்தி அளக்கும் மேடை வைத்திருப்பவன். உன்னைத் தெரியும் என்றான். சாலையில் இறங்குவதற்கு முன் அரசுச் சோதனை ஒன்று உண்டே, அதில் முக்கால்வாசிப் பேர் விழுவது எதில் தெரியுமா? "சோதனைக்காரர் ஒரு உருண்டைய எடுத்து வண்டி முழுக்க உருட்டுவார். அது படுற இடத்துல எங்கயாவது கூர் ஓரம் இருந்தா, வண்டி வீட்டுக்கு. போல்ட் தலை, கண்ணாடித் தாங்கி, எதுவும் தப்பாது" என்றான் வின்ஸ். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை.

அவனே இன்னொன்றும் சொன்னான். உதிரிகள் எந்த வண்டியிலிருந்து வந்தன என்பதற்குப் பேப்பர் இல்லாவிட்டால் எண் பலகையில் முதல் எழுத்து க்யூவாம். "அப்பன் பேர் தெரியாத வண்டின்னு ஊருக்கே சொல்ற எழுத்து." நமக்கு அந்தக் கவலை இல்லை. உதிரிகளுக்காக நீ வாங்கிய அந்த நொறுங்கிய சிவப்பு வண்டியின் பதிவுப் புத்தகம் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கிறது. என்ஜின் எண்ணைப் பார்த்தேன், பொருந்துகிறது.

முதல் முறை என்ஜினைக் கிளப்பும்போது என்ன கவனிக்க வேண்டும்? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் வின்ஸைக் கேட்பேன்.

ஹேஸல்


சிறை
3 ஜூன் 1999

ஹேஸல்,

நலம். வின்ஸைக் கேட்காதே.

தீப்பொறி இணைப்பைக் கழற்றிவிட்டு என்ஜினை வெறுமனே சுற்று. எண்ணெய் அழுத்தம் ஏறி, டர்போவின் தண்டுவரை எண்ணெய் போன பிறகுதான் கிளப்ப வேண்டும். வறண்ட டர்போ ஒரு நிமிடத்தில் செத்துவிடும். ஓட்டி முடித்ததும் உடனே அணைக்காதே. அது நெருப்பாக இருக்கும். இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணை. காற்றழுத்தத்தைக் கூட்டச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் கேட்காதே.

கட்டுவது கட்டு. சோதனைக்கு மட்டும் கொண்டுபோகாதே. அதை நான் வந்து செய்கிறேன்.

கார்ல்


கவென்ட்ரி
18 ஜூலை 1999

அன்புள்ள கார்லுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று சொன்னால் போதாது. இவ்வளவு நன்றாக நான் எப்போது இருந்தேன் என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீயும் இருக்க வேண்டும்.

ஓடுகிறது கார்ல்! நீ சொன்னபடி எண்ணெய் ஏற்றிக் கிளப்பினேன். மாடி வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. திட்ட வந்தவர்கள் திட்டாமல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வியாழனன்று வண்டியை டிரெய்லரில் ஏற்றி வின்ஸின் மேடைக்குக் கொண்டுபோனேன். "நான் ஓட்டுறேன், நீ உள்ள போயி டீ குடி" என்றான்.

"டீய நீ குடி. நான் ஓட்டுறேன்."

உருளைமேல் மூன்றாம் முறை மிதித்தபோது, டர்போ காற்றை அடைக்கும் இடத்தில் என்ஜினுக்குள் மெல்லிய டிக்டிக் கேட்டது, தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கினதுபோல். காலை எடுத்தேன். அதற்கப்புறம்தான் அவனுடைய திரையில் சிவப்புக் கோடு வந்தது. காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை. இன்னும் இரண்டு நொடி விட்டிருந்தால் பிஸ்டன் உருகியிருக்கும்.

"மிஷின் சொல்றதுக்கு முன்னாடியே எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றான்.

"பதினாலு வருஷம் இரும்பு கத்துறதக் கேட்டவ நான். வலிச்சுக் கத்துறது எது, சும்மா கத்துறது எதுன்னு தெரியாதா?"

அதற்குப் பிறகு அவன் 'அம்மா'வை விட்டுவிட்டு 'ஹேஸல்' என்றான். மாலை வரை இருவரும் பெட்ரோல் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினோம். இருநூற்று நாற்பத்தொன்று குதிரைசக்தி. காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தான். சமையலறையில் ஒட்டியிருக்கிறேன்.

சோதனைக்கு எழுதிப்போட்டுவிட்டேன். செப்டம்பர் 23.

உன் அக்கா,
ஹேஸல்


சிறை
22 ஜூலை 1999

ஹேஸல்,

ரத்து செய். என்னைக் கேட்காமல் யார் உன்னைத் தேதி வாங்கச் சொன்னது? உனக்குக் காப்பீடு கிடைக்காது, அந்த வண்டியை உன்னால் சமாளிக்கவும் முடியாது. அது என் வண்டி. இந்தக் கடிதம் கிடைத்ததும் ரத்து செய்துவிட்டுப் பதில் போடு.

கார்ல்


கவென்ட்ரி
15 ஆகஸ்ட் 1999

கார்லுக்கு,

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

பதில் போட இரண்டு வாரம் எடுப்பவன் நாலே நாளில் போட்டிருந்தாய். கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

டர்போ சேரும் இடத்தில் புகை கசிந்தது. பதிவுப் புத்தகத்தின் வருடத்தைச் சொல்லி, கசிவை அடைக்கும் கேஸ்கெட் தகடு வாங்கினேன். துளைகள் சேரவில்லை. கடைக்காரர் பழையதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது அடுத்த மாடல் என்ஜினோடது. உங்க புத்தகத்துல இருக்கிற வருஷத்துல இந்த என்ஜின் பொறக்கவே இல்லையே" என்றார்.

வீட்டுக்கு வந்து, என்ஜின் எண் பதித்த இடத்தின் மசகைத் துடைத்தேன். விரல் நுனியால் தடவினால் எனக்கு எதுவும் தெரியாது, அதை ஆலை எடுத்துக்கொண்டது. ஆனால் நகம் மரக்கவில்லை. நகத்தை வைத்து இழுத்தேன். ஆலையில் வெட்டிய பரப்பில் கோடுகள் ஒரே பக்கம் ஓடும். இங்கே குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. கை அரம். பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். ஏழாம் எண் ஒரு முடி அளவு சாய்ந்திருக்கிறது. உன்னை அழைத்துப்போன அன்று காவலர் வந்து சரிபார்த்தபோது அவருடைய கண்ணுக்கு இது போதுமாயிருந்தது. என் நகத்துக்குப் போதவில்லை.

உன்மேல் வழக்கு இரண்டு வண்டிக்கு. எனக்கு மூன்று வரை எண்ணத் தெரியும்.

உனக்கு முன்னால் இந்தக் காகிதத்தை வேறொருவர் பிரிப்பார் என்று தெரிந்தும் இவ்வளவு எழுதிவிட்டேன். இத்தோடு நிறுத்துகிறேன்.

ஹேஸல்


சிறை
30 ஆகஸ்ட் 1999

ஹேஸல்,

பார்வையாளர் சீட்டு இதோடு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இரண்டு மணி. வா. அதுவரை எதுவும் எழுதாதே.

கார்ல்


கவென்ட்ரி
14 செப்டம்பர் 1999

கார்லுக்கு,

நேரில் பார்த்தேன். இளைத்திருக்கிறாய், கன்னம் வீங்கியிருக்கிறது. மருத்துவரை விடாமல் கேள்.

அந்த மேஜையில் நீ தலை குனிந்து சொன்னதை இங்கே எழுதமாட்டேன். நான் சொன்னதை எழுதலாம்.

'பிப்ரவரி வரைக்கும் வாயத் திறக்காத, அஞ்சே மாசம்' என்றாய். 'யாருக்கும் நட்டமில்ல' என்றாய். எங்களை அனுப்பியபோது மேலாளரும் அதையேதான் சொன்னார், அதே முகத்தோடு. அதனால்தான் டீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

முழுதாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நான் இறங்கியது உனக்குத் தெரியும். நீ கொடுத்தது அடியில் பொய் வைத்த வண்டி. ஐந்து மாதம் அந்தப் பொய்க்குப் பெட்ரோல் ஊற்றி, எண்ணெய் ஏற்றி, சுருதி கூட்டியிருக்கிறேன். அதற்காக உன்னை மன்னிக்க இன்னும் நாள் ஆகும்.

சோதனையை ரத்து செய்துவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை. வின்ஸின் தூக்கியை இரவல் வாங்கி என்ஜினை வெளியே எடுத்து, கராஜ் நடுவில் எண் தெருவைப் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். கதவு திறந்திருக்கிறது. பூட்டமாட்டேன்.

உன்னை நான் காட்டிக்கொடுக்கமாட்டேன். அந்த என்ஜினை ஓட்டமாட்டேன், விற்கமாட்டேன், மூடியும் வைக்கமாட்டேன். யார் வந்து கேட்டாலும் என் நகம் சொன்னதைச் சொல்வேன். வாயைத் திறக்க வேண்டியவன் நீ.

ஹேஸல்


கவென்ட்ரி
17 அக்டோபர் 1999

கார்லுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையென்றால் அதையாவது எழுது.

நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. கராஜ் கதவு இரவும் பகலும் திறந்து கிடப்பது 'பகுதியின் தோற்றத்தைக் கெடுக்கிறது' என்று. ஆலை மூடியது பகுதியின் தோற்றத்தைக் கெடுக்கவில்லையா என்று கேட்டுப் பதில் போட்டிருக்கிறேன். மாடி வீட்டு ஜாய்ஸ், "யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்கடீ" என்கிறாள். இதுவரை யாரும் தொடவில்லை. நம் தெருவில் திருடத் தெரிந்த ஒரே ஆளும் உள்ளே இருக்கிறான் போல.

குளிர் தொடங்கிவிட்டது. பேனாவை இரண்டு கையாலும் பிடித்து எழுதுகிறேன்.

கதவு திறந்தே இருக்கிறது.

ஹேஸல்


சிறை
9 நவம்பர் 1999

அன்புள்ள ஹேஸல்,

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டு நாளாகச் சூப் மட்டும்தான். உன் கை எப்படி?

சொல்லிவிட்டேன். நேற்று காலை. மூன்றாவது வண்டி, எங்கே எடுத்தேன், மீதியை எங்கே போட்டேன், சிவப்பு வண்டியின் புத்தகத்தை எதற்கு வாங்கினேன், எல்லாம். எழுதிக்கொண்ட அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "யாரும் கேக்கல, யாரும் தேடவும் இல்ல. இப்போ ஏன்டா வந்து சொல்ற?" என்றார்.

"எங்க அக்கா கராஜ் கதவத் திறந்து போட்டிருக்கா சார். மூடமாட்டேங்கறா. குளிர்காலம் வந்துடுச்சு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அவருக்கு அக்கா இல்லை போல.

பிப்ரவரி போனது. ஜூன் ஆகலாம் என்கிறார்கள். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இத்தனை வாரமும் அதுதான், உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னைத் திட்டி நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். நாலிலும் நான் எழுதியிருந்தது ஒன்றுதான்: இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று. அந்த ஏழாம் எண்ணை அடிக்கும்போது கை வழுக்கியது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று விட்டேன்.

உன் வண்டிக்கு இப்போது என்ஜின் இல்லை. என்ன செய்யப்போகிறாய்?

கார்ல்


கவென்ட்ரி
28 மே 2000

அன்புள்ள கார்லுக்கு,

பல் போன இடம் ஆறியிருக்கும். எனக்கும் வெயில் வந்ததிலிருந்து விரல்கள் பேசுகின்றன. குளிர்காலம் முழுக்க நாலு வரிக்கு மேல் எழுத முடியவில்லை, அதனால் மொத்தமும் இப்போது.

போன நவம்பரில் இரண்டு காவலர்கள் வந்தார்கள். சின்னவர், "ரெண்டு மாசமா இது இப்படியே இங்கேயா கிடக்கு?" என்று கேட்டார். "ஆமா. கதவு திறந்துதான் இருந்துச்சு. நீங்கதான் வரல" என்றேன். என்ஜினையும் பதிவுப் புத்தகத்தையும் எடுத்துப்போனார்கள். அன்று இரவு கதவை மூடினேன். பூட்டு துருப்பிடித்துவிட்டது, புதிது வாங்கினேன்.

வேறு டர்போ என்ஜின் கிடைத்தது. பின்னால் இடிபட்ட ஒரு குடும்ப வண்டியிலிருந்து, பழைய இரும்புக் கடையின் முத்திரையோடு. எண் பதித்த இடத்தில் முதலில் நகத்தை வைத்தேன். எல்லாக் கோடும் ஒரே பக்கம் ஓடியது. வின்ஸின் மேடையில் நூற்று எண்பத்தொன்று. அறுபது குதிரைகள் குறைவு. அந்த அறுபதும் வேறொருவருடையவை, போகட்டும்.

சிவப்பு வண்டியின் புத்தகம் போனதால் எனக்குக் க்யூதான் என்று ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை வின்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்கிட்ட ஒரு பழைய புத்தகம் சும்மா கிடக்கு. வருஷம் சரியா வரும். எல்லாரும் செய்யறதுதான். க்யூ வாங்கினா விலை பாதியாயிடும், யோசி" என்றான்.

"விக்கறதுக்கா கட்டினேன்?"

"அப்படி இல்ல ஹேஸல், ரோட்டுல போகும்போது நாலு பேர் பார்ப்பாங்க..."

"பார்க்கட்டும். எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாத வண்டின்னுதானே அதுக்கு அர்த்தம்? எந்தத் தெருவிலிருந்து, எந்தக் கையிலிருந்து வந்துச்சுன்னு கேக்கறவங்களுக்கு நானே சொல்றேன்."

ஏப்ரல் 11 அன்று சோதனை. சோதனைக்காரர் தலையே ஆட்டாத மனிதர். உருண்டையை எடுத்தார். முன்மூக்கு, கண்ணாடித் தாங்கி, கதவு விளிம்பு, பெட்ரோல் மூடி, ஒவ்வொரு போல்ட் தலை. முக்கால் மணி நேரம். பிறகு உருண்டையை வைத்துவிட்டு வெறும் கையால் முன்பக்கம் முழுக்கத் தடவினார். "பதினெட்டு மாசமா இந்த வேலை பார்க்கறேன். ஒரு ஓரம்கூட மாட்டாத வண்டி இதுதான் முதல். யார் தேய்ச்சது?"

"நான்தான்."

"எங்க கத்துக்கிட்டீங்க?"

ஆலையின் பெயரைச் சொன்னேன். "அங்க இதெல்லாம் கவனிச்சுப் பார்ப்பாங்களா?" என்றார். "இல்ல. நீங்கதான் முதல்ல பார்த்தது" என்றேன். அவர் காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

அப்புறம் பின்பக்கப் பனிவிளக்கு இரண்டு விரற்கடை கீழே இருக்கிறது என்று தோற்கடித்துவிட்டார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போய்த் தேர்ச்சி வாங்கினேன். எண் பலகையைத் திருகியதும் நான்தான். க்யூ பெரிதாகத் தெரிகிறது. உரிமையாளர் என்ற இடத்தில் ஹேஸல் டிரான்டர். செவ்வாய்க்கிழமை பப்பின் வாசலில் பலகை தெருவைப் பார்க்கும்படி நிறுத்தினேன். ஒன்பது வருடக்காரர் வெளியே வந்து, சுற்றிப் பார்த்து, எனக்கு ஒரு கோப்பை பியர் வாங்கிக் கொடுத்தார். அவருடையது பத்தாவது வருடத்தில் இருக்கிறது.

பாதிக் காசு உன்னுடையது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன். வண்டியில் பாதி கிடையாது.

உன்னை முழுதாக மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். முக்கால்வாசி என்று வைத்துக்கொள். மீதியை நேரில் பார்க்கலாம்.

ஜூன் 19, திங்கள்கிழமை காலை. வெளியே வந்ததும் பஸ் நிறுத்தத்துக்குப் போகாதே. வாசலுக்கு நேர் எதிரே நிறுத்தியிருப்பேன். வந்ததும் உடனே அணைக்கமாட்டேன், இரண்டு நிமிடம் ஓடவிடுவேன். நீ சொல்லிக் கொடுத்ததுதான். சுவருக்கு அந்தப் பக்கம் உனக்குக் கேட்கும்.

இடதுபக்க இருக்கை உன்னுடையது. பெல்ட்டை இறுக்கிக்கொள். சாவியைக் கேட்காதே.

உன் அக்கா,
ஹேஸல்